வார்செம் வீட்டு வாய்மேளம்

வார்செம்மின் நாற்காலியில் வந்து உட்காரும்படி பாக் சன்மர்ஜா எனக்கு ஆள் அனுப்பியபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வந்தவர் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். காதில் விழாமல் இல்லை. கேட்க நன்றாக இருந்தது.

செராயு ஆற்றின் இந்தக் கரையில் எங்கள் வாய்மேளக் குழு, அந்தக் கரையில் சன்மர்ஜாவின் குழு. 'பாக்' என்பது ஐயா மாதிரி, மரியாதைக்குச் சேர்ப்பது. ஒரு வீட்டில் பிள்ளை பிறந்து தொப்புள்கொடி விழுந்துவிட்டால் அன்று அக்கம்பக்கத்தார் கூடி அந்தப் பிள்ளைக்காக விழித்திருக்க வேண்டும். அவர்கள் தூங்காமல் இருப்பதற்கு நாங்கள் வேண்டும். நாலு பேர், ஒரு மேசை, மேசை நிறையத் தின்பண்டம். மத்தளம் கிடையாது, வெண்கலம் கிடையாது, தோல்பாவை கிடையாது. மத்தளமும் வெண்கலமும் ராஜாவும் ராட்சசனும் மழையும் குதிரையும் எல்லாம் எங்கள் வாய்தான். வசதி உள்ளவர்கள் நிஜ வாத்தியங்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். எங்கள் வாத்தியங்கள் தாமாகவே நடந்து வரும், வழியில் வெற்றிலையும் போட்டுக்கொள்ளும்.

எங்கள் குழுவில் பாடகி நான். அவர்கள் குழுவில் வார்செம். இரண்டு கரையிலும் ஜனங்கள் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். "துர்சினா நல்லாத்தான் பாடுவா, ஆனா..." என்று இழுப்பார்கள். அந்த 'ஆனா'வைக் கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிந்துபோயிருந்தது. ஒருமுறை தலையில் துணியைப் போட்டு மூடிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் ஆற்றைக் கடந்து அவள் பாடுவதைக் கேட்கப் போனேன். கணவனைத் தொலைத்த ராணியாகப் பாடினாள். மேல் சுரத்துக்குப் போய் அப்படியே நின்றாள். எங்கே மூச்சு வாங்குகிறாள் என்று பாட்டு முழுக்க அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவ்வளவு நன்றாக இருந்தது.

ஆள் என்று வந்தவர் சுவார்யா. சன்மர்ஜாவின் குழுவில் கோங் அவருடைய வாய். கோங் என்றால் ஆள் உயரச் சட்டத்தில் தொங்குமே, அந்தப் பெரிய வெண்கல வட்டு. அதன் முழக்கத்தைத் தொண்டையில் இருந்து எடுக்க வேண்டுமானால் உடம்பு வேண்டும். சுவார்யாவுக்கு உடம்பு நிறைய இருந்தது.

"வார்செம்முக்குப் பொண்ணு பொறந்திருக்கு," என்றார், அழைக்காமலே உள்ளே வந்து வாழைப்பழத்தை உரித்தபடி.

"பிள்ளை பெத்தவ மேசைக்கு வரக் கூடாதுதான். அதுக்கு ஆறு தாண்டி என்னைத் தேடணுமா? உங்க சன்மர்ஜாவே பொம்பளக் கொரல்ல பாடட்டுமே."

"பாடிப் பாத்தாரு. பக்கத்து வீட்டு ஆடு கயித்த அறுத்துக்கிட்டு ஓடிருச்சு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பழத்தை முடித்துத் தோலைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அது மட்டும் இல்ல துர்சினா. அவளுக்குக் கொரல் போயிருச்சு. ரெண்டு ராத்திரி கத்திக் கத்திப் பெத்தா. இப்ப வாயத் தொறக்கவே மாட்டேங்குறா. பொழச்சதே பெருசுன்னு சொல்றாங்க. கொரல் திரும்பி வருமான்னு கேட்டா டாக்டர் தெரியாதுன்னுட்டாரு."

அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் எரிந்த வயிற்றுக்கு அது நியாயம்தானே. வரவில்லை. யாரோ என் பொருளைத் திருடிக்கொண்டு போனதுபோல் கோபம்தான் வந்தது. அரிசியை அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டுத் துணி மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

வார்செம்மின் வீடு தென்னந்தோப்புக்கு நடுவில். அவள் கணவன் மிஸ்காம் தென்னம்பாளை சீவிச் சாறு இறக்குகிறவன். நாங்கள் போனபோது மரத்தில் இருந்து இறங்கி, இடுப்பில் இருந்த மூங்கில் குழாய்களை அவிழ்த்துக்கொண்டிருந்தான். வழக்கமாக அந்தச் சாற்றை வெல்லமாகக் காய்ச்சுவது வார்செம். அன்றைக்கு அடுப்பில் வேறு யாரோ ஒருத்தி நின்று கிண்டிக்கொண்டிருந்தாள். வெல்லம் அடிபிடித்த வாசனை வாசல்வரை வந்தது.

மிஸ்காம் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். அதிகம் பேசுகிறவன் இல்லை. மரத்து மேலேயே பாதி வாழ்க்கையைக் கழிக்கிறவனுக்குப் பேச்சுக்கு ஆள் ஏது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் மெதுவாப் பாடுவீங்களா?"

"என்ன?"

"உள்ளதான் படுத்திருக்கா. நடுவுல ஒரு மூங்கில் தட்டிதான். அவ வீட்டுலயே, அவ நாற்காலியில உக்காந்து இன்னொருத்தி பாடினா அவளுக்கு எப்படி இருக்கும்? நான் வேணாம்னுதான் சொன்னேன். பாக் சன்மர்ஜாதான் கேக்கல."

எனக்குச் சுருக்கென்றது. மெதுவாகப் பாடு என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தவள் அவன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"பேசவே இல்லையா?" என்று மட்டும் கேட்டேன்.

"பொறந்த அன்னைக்கு ஒரே ஒரு தடவை. பிள்ளைய மடியில போட்டாங்க. என்னமோ சொல்ல வாயத் தொறந்தா. ஆம்பளக் கொரல் மாதிரி, கரகரன்னு வந்துச்சு. அவளே பயந்துட்டா. வாயப் பொத்திக்கிட்டவதான். பிள்ளைக்குப் பால் குடுக்குறா, தொடைக்கிறா, துணி மாத்துறா. ஒரு சத்தம் கெடையாது. பிள்ளை அழுதா தட்டிக் குடுக்குறா, அவ்வளவுதான்." மூங்கில் குழாயைக் கவிழ்த்து உதறினான். "பாட வேணாங்க்கா. எனக்கு அது வேணாம். என்னைத் திட்டினாக்கூடப் போதும்."

சன்மர்ஜாவிடம் போய்க் கேட்டேன். எதற்கு இந்தப் பிடிவாதம் என்று. அவர் தன் கொடுவாளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூத்தில் அவர் கையில் இருக்கும் ஒரே பொருள் அந்த வளைந்த கொடுவாள்தான். அது குதிரையாகும், படகாகும், ராஜாவின் கிரீடம் ஆகும், தேவைப்பட்டால் தேங்காயும் உடைக்கும்.

"இந்தக் கரையில ஒவ்வொரு பிள்ளைக்கும் அவ பாடியிருக்கா. அவ பிள்ளைக்கு மட்டும் யாரும் பாடக் கூடாதா?"

"அவளுக்கு வலிக்கும்."

"வலிக்கட்டும். எதுவுமே கேக்காமப் படுத்திருக்கிறது மட்டும் என்ன சொகமா?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ சும்மா நல்லாப் பாடு. மெதுவாப் பாடுறேன்னு ஏமாத்தினேன்னு வச்சுக்க, அவளுக்குத்தான் மொதல்ல தெரியும்."

உள்ளே போய் அவளைப் பார்த்தேன். மூங்கில் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பிள்ளையின் தலைமாட்டில் கெட்ட காற்று அண்டாமல் இருக்க வைத்த சின்னக் கத்தியும் வெங்காயமும் மிளகாயும். பிள்ளை சிணுங்கிக்கொண்டே இருந்தது. ஆறுதலாக எதையாவது சொல்லத்தான் போனேன். என் வாய்க்கு அந்தப் பழக்கம் இல்லை.

"உன் நாற்காலியில உக்காரப் போறேன்," என்றேன். "பிடிக்கலன்னா இப்பவே சொல்லிடு. எழுந்து போயிடறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எதிரி எதிரியாக இருந்தால்தான் நமக்கும் மரியாதை. அப்படித் திரும்பிக்கொண்ட முதுகைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

இரவுத் தொழுகை முடிந்து ஜனங்கள் வந்து சேர்ந்தார்கள். பெட்ரோமாக்ஸ் விளக்கை உத்தரத்தில் மாட்டினார்கள். மேசையில் அவித்த மரவள்ளி, வேர்க்கடலை, வாழைப்பழம், வெல்லம் போட்டு இடித்த கிழங்கு உருண்டை, ஒரு தாம்பாளம் நிறையச் சுடச்சுட மென்தோவான். சோயாவைப் புளிக்கவைத்துக் கட்டிய தெம்பேயை மெல்லிசாக நறுக்கி, மாவில் தோய்த்து முறுகவிடாமல் பாதி வேக்காட்டிலேயே எடுப்பார்களே, எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரன் செத்தாலும் அந்த வாசனைக்கு எழுந்து வருவான். நாங்கள் நாலு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். சன்மர்ஜாவுக்கு இடது பக்கம் கஸ்ரீப், மத்தளம். எதிரில் சுவார்யா, கோங். வலது பக்கம், தட்டிக்கு முதுகைக் காட்டியபடி நான்.

ஆரம்பித்தோம்.

மற்ற குழுவோடு வாயைச் சேர்ப்பது லேசில்லை. பிறத்தியார் வீட்டு அடுப்பில் சமைக்கிற மாதிரி, கை எங்கே நீள வேண்டும் என்று தெரியாது. கஸ்ரீப் நாக்கையும் உதட்டையும் வைத்துத் 'தக் துங், துலங் தக்' என்று மத்தளத்தை உருட்டிவிட்டான். சன்மர்ஜா அதன்மேல் வெண்கலக் கட்டைகளை 'நிங் நோங் நிங் நாங்' என்று பரப்பினார். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் சுவார்யாவின் வயிற்றில் இருந்து 'கூ...ங்' என்று கோங் விழுந்தது. கண்ணை மூடினால் நாலு பேர் இல்லை, இருபது பேர் வெண்கலத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு இது தொழில், தினம் செய்வது. அப்படியும் அன்றைக்கு உடம்பு சிலிர்த்தது. இரும்பு கிடையாது, தோல் கிடையாது, வெறும் காற்று. அதை வைத்து ஒரு அரண்மனையையே எழுப்பிவிட்டார்கள் பாவிகள்.

அரண்மனையை நிஜமாகவும் எழுப்பினார்கள். மரவள்ளித் துண்டுகளை அடுக்கிக் கோட்டைச் சுவர். கிழங்கு உருண்டைகள் மலைகள். வாழைப்பழம் ராஜாவின் குத்துவாள். ராஜா போருக்குப் போயிருக்கிறார், நிறைமாத ராணி செகார்மாயா காட்டுக்குத் தப்பி ஓடுகிறாள், அங்கே பிரசவ வலி எடுக்கிறது. இதுதான் கதை. ராணி நான்தான். ஓடினேன், அழுதேன், மரங்களைக் கேட்டேன், பாடினேன். மெதுவாகப் பாடவில்லை. அந்தத் தட்டி அதிரட்டும் என்றே பாடினேன்.

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. மத்தளக்காரன் மந்திரியாகப் பேச வாயெடுத்தால் மத்தளம் கீழே விழுந்துவிடும் அல்லவா? விழ விடக் கூடாது. யாருடைய வாய் சும்மா இருக்கிறதோ அவர் எடுத்துக்கொள்ள வேண்டும். சொல்லிக்கொள்ளக் கூடாது, பார்த்துக்கொள்ளக் கூடாது, கை காட்டக் கூடாது. கஸ்ரீப் மந்திரி ஆனபோது சன்மர்ஜா மத்தளத்தை எடுத்தார், அவர் விட்ட வெண்கலத்தை நான் எடுத்தேன், நான் ராணியாகத் திரும்பியபோது அது சுவார்யாவிடம் போய் அங்கிருந்து மறுபடி அவரிடமே வந்தது. ஓர் இழை அறுபடவில்லை. முன்வரிசையில் கிராம்பு சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் யார் எதை அடிக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கத் தலையை அங்கும் இங்கும் திருப்பித் திருப்பிக் கடைசியில் சாம்பலைத் தன் லுங்கியிலேயே தட்டிக்கொண்டார்.

உள்ளே பிள்ளை அழ ஆரம்பித்தது. முதலில் சிணுங்கல், பிறகு வீறிட்ட அழுகை. தட்டிக் கொடுக்கும் சத்தம் எனக்கு முதுகுப் பக்கம் கேட்டது. ஒரு தாலாட்டு இல்லை, ஒரு 'ஆராரோ' இல்லை, வெறும் கை. கூட்டத்தில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மிஸ்காம் தேநீர்த் தட்டோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டான்.

சன்மர்ஜா அசரவில்லை. கொடுவாளைக் காதருகே வைத்துக்கொண்டு, "யாரோ அழற சத்தம் கேக்குதே மந்திரி," என்றார் ராஜாவாக.

"காட்டுப் பூனையா இருக்கும் ராஜா," என்றான் கஸ்ரீப்.

"காட்டுப் பூனைக்கு இவ்வளவு நல்ல கொரலா? இது என் ரத்தம்யா. எங்க வம்சத்துலதான் இப்படிக் காட்டுக்கத்தல் கத்துவோம்."

கூட்டம் சிரித்தது. கஸ்ரீப் மத்தளத்துக்குத் திரும்பி, பிள்ளை மூச்சு வாங்க நிறுத்துகிற ஒவ்வொரு இடத்திலும் ஓர் அடி வைத்தான். அழுகை தாளத்தில் விழுந்துவிட்டது. பிறந்து சில நாளே ஆன பிள்ளையைக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். நான் எத்தனையோ பேரோடு பாடியிருக்கிறேன், இப்படி ஒரு காதைப் பார்த்ததில்லை. அவர்கள் மேல் எனக்கு அப்படி ஒரு மதிப்பு வந்தது.

அடுத்தது காட்டு ராட்சசன் வருகிற இடம். ராட்சசன் சுவார்யா. ராஜாவின் படையை அவர் தின்ன வேண்டும், அதாவது மென்தோவானை. ஒன்று தின்றால் போதும். ஜனங்கள் சிரிக்கச் சிரிக்க அவருக்கு ஆசை அடங்கவில்லை. "குதிரைப் படை," என்று ஒன்று. "யானைப் படை," என்று இரண்டு. "சமையல்காரனையும் விட மாட்டேன்," என்று கோட்டைச் சுவரில் இருந்து பெரிய மரவள்ளித் துண்டைப் பிடுங்கித் திணித்துக்கொண்டார். அதே நேரம் நான் ராணியின் பிரசவப் பாட்டில் இருந்தேன். சுற்று முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது.

மரவள்ளி தொண்டையில் அடைத்துக்கொண்டது.

சுவார்யாவின் முகம் சிவந்தது, கண் பிதுங்கியது. மேசையைத் தட்டினார். ராட்சசனின் நடிப்பு என்று நினைத்துக் கூட்டம் இன்னும் சிரித்தது. எங்களுக்குத் தெரிந்துவிட்டது, இந்தச் சுற்றில் அவரால் கோங் அடிக்க முடியாது. கஸ்ரீப் மத்தளத்தை விட்டால் எல்லாமே சரிந்துவிடும். சன்மர்ஜா வெண்கலத்தின் கடைசி ஏற்றத்தில் இருந்தார், அதை விட்டால் முடிவே தெரியாது. நான் நீண்ட கடைசிச் சுரத்தைப் பிடித்திருந்தேன், கோங் விழும்வரை அதை இறக்கக் கூடாது. மேசையில் ஒரு வாய்கூடச் சும்மா இல்லை.

கோங் விழாத சுற்று என்றால் என்ன என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அது விழுந்தால்தான் தேநீர் ஊற்றுகிறவள் ஊற்றுவாள், பேச நினைத்தவன் பேசுவான், எல்லாரும் மூச்சு விடுவோம். அதன் இடம் வந்தது. மத்தளம் வழிவிட்டுத் தணிந்து உருண்டது. வெண்கலம் கடைசி ஏற்றத்தை விடாமல் இழுத்தது. நான் மேலே தொங்கிக்கொண்டிருந்தேன். என் மூச்சு தீர்ந்துகொண்டிருந்தது. சுவார்யாவைக் கொன்றுபோட வேண்டும் என்று நினைத்தது நினைவிருக்கிறது.

அப்போது விழுந்தது.

'கூ...ங்.'

என் முதுகுக்குப் பின்னால் இருந்து. அடித்தொண்டையில் இருந்து, கரகரப்பும் கனமுமாக. கோங் சரியான இடத்தில் டக்கென்று விழக் கூடாது. ஒரு இமை நேரம் தயங்கி, எல்லாரையும் ஏங்கவைத்து, பிறகு விழ வேண்டும். சுவார்யாவுக்கு அந்தத் தயக்கம் ஒருநாளும் கைவந்ததில்லை, எங்கள் குழுக் கோங்குக்கும் இல்லை. இது தயங்கி விழுந்தது. மேசையில் இருந்த கண்ணாடி டம்ளர்கள் லேசாகச் சிலம்பின. அந்தக் கரகரப்பில்தான் வெண்கலம் இருந்தது. நிஜமான கோங் பக்கத்தில் போய்க் காதை வைத்துக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதன் முழக்கத்துக்குள் ஓர் உறுமல் உண்டு. வாயால் கோங் அடிக்கிற எவருக்கும் அந்த உறுமல் வந்து நான் கேட்டதில்லை.

நான் திரும்பிப் பார்க்கப் போனேன். சன்மர்ஜா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். நிறுத்தாதே என்று அர்த்தம். அவர் உடனே அடுத்த சுற்றைத் தொடங்கிவிட்டார், எதுவும் நடக்காத மாதிரி. சுவார்யாவின் முதுகில் கஸ்ரீப் ஓங்கி ஒரு குத்து விட்டதில் அவர் தொண்டை திறந்தது. பாவம், வேலையில் கருத்தானவர். கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, சுற்று முடிகிற இடத்தில் கோங்குக்காக வாயைத் திறந்தார். சன்மர்ஜா ராஜாவின் குத்துவாளை எடுத்து அந்த வாயில் செருகினார். முழு வாழைப்பழம்.

'கூ...ங்' என்றது தட்டி.

இப்போது கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு நின்றது. ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிகரெட்டுப் பெரியவர் மட்டும், "பொம்பள கோங் அடிச்சு நான் கேட்டதே இல்லையே," என்றார்.

"இப்பக் கேட்டீங்கல்ல," என்றார் சன்மர்ஜா ராஜாவின் குரலிலேயே. "கேட்டுட்டு சும்மா இருங்க."

சுவார்யா பழத்தை விழுங்கிவிட்டு அவர் பக்கம் சாய்ந்தார். "அப்ப எனக்கு என்ன வேலை?"

"தின்னுறது."

அதன்பின் நான் பாடியதைச் சொல்ல வேண்டும். தற்பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை. அதற்கு முன்னால் நான் அப்படிப் பாடியதில்லை. கீழே அப்படி ஒரு கோங் காத்திருக்கிறது என்று தெரிந்தால் மேலே எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம், பயமில்லை. ராணி காட்டில் பிள்ளை பெற்றாள். சன்மர்ஜா கொடுவாளைத் துண்டில் சுற்றிப் பிள்ளையாக என் கையில் கொடுத்தார். அழுதுகொண்டே பாடினேன், வேஷத்துக்காக அல்ல. எப்போது நின்றதென்று எனக்குத் தெரியாது, உள்ளே பிள்ளையின் அழுகை நின்றிருந்தது.

இடைவேளை விட்டதும் ஒரு டம்ளர் தேநீரை எடுத்துக்கொண்டு நான்தான் முதலில் உள்ளே போனேன். மிஸ்காம் கூடவே வந்தான், ஆனால் வாசலைத் தாண்டக் கால் வரவில்லை அவனுக்கு. வார்செம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தது.

"ரெண்டாவது பாட்டுல மூச்சத் திருடுற," என்றாள்.

கரகரவென்று, அறுக்கிற ரம்பம் மாதிரித்தான் இருந்தது அந்தக் குரல். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. காட்டிக்கொள்ளவில்லை.

"வெளிய யாருக்கும் தெரியல."

"எனக்குத் தெரியுது."

"நீ மட்டும் மூச்சே விடாம பாடுவியா? ஒருதடவை ஒளிஞ்சிருந்து பாட்டு முழுக்கப் பாத்தேன், எங்க வாங்குறேன்னு கண்டுபிடிக்க முடியல."

"தலையில துணிய மூடிக்கிட்டு வந்தியே, அன்னைக்கா?" என்றாள். எனக்கு முகம் சுண்டிப்போனது. "மூக்கால வாங்குவேன், 'ம்'னு வாய் மூடுற எழுத்துல. இனிமே நீ வாங்கிக்க. எனக்கு அது வராது."

"டாக்டர் தெரியாதுன்னுதான் சொன்னாரு."

"தொண்டை என்னோடது. அந்தக் கொரல் போயிருச்சு துர்சினா." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் தாங்கவில்லை. கீழே உட்கார்ந்துவிட்டேன். இனி யாரைத் திட்டிக்கொண்டு நான் பாடுவது?

"பாட்டு போனதுக்காக வாய மூடல," என்றாள். "வயித்துல இருந்தப்ப பூராவும் இதுக்குப் பாடினேன். அந்தக் கொரலத்தான் இதுக்குத் தெரியும். பொறந்ததும் இந்தக் கொரலக் கேட்டா, இது யாரு, எங்க அம்மா எங்கன்னு தேடுமேன்னு பயந்துபோயிட்டேன். பேசாமலே இருந்தா அது அம்மான்னு நெனச்சுக்கும்ல."

"அப்புறம் எதுக்கு கோங் அடிச்ச?"

"நானா எங்க அடிச்சேன். சுத்து முடியாமத் தொங்குது, உங்க யார் வாயும் சும்மா இல்ல. என் வாய் சும்மா இருந்துச்சு. அதுவாத் தொறந்துருச்சு." பிள்ளையின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை விரலால் ஒதுக்கினாள். "விழுந்ததும் இது அழுகைய நிறுத்திருச்சு. வேற பக்கம் தேடல. என் மூஞ்சியத்தான் பாத்துச்சு."

வெளியே கஸ்ரீப் மத்தளத்தை ஆரம்பித்துவிட்டான். ராஜா காட்டில் ராணியைக் கண்டுபிடிக்க வேண்டும், பிள்ளைக்குப் பேர் வைக்க வேண்டும், கதை பாதி பாக்கி இருந்தது. ஜனங்கள் திரும்பி வந்து உட்காரும் சத்தம் கேட்டது. நான் எழுந்து நாற்காலிக்குப் போனேன். சன்மர்ஜா தட்டியைப் பார்க்காமல், மேசையைப் பார்த்தபடி பொதுவாகக் கேட்டார்.

"கோங் தயாரா?"

உள்ளே இருந்து பதில் வந்தது. மறைக்காமல், அடக்காமல், அந்தக் கரகரத்த குரலில், வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி.

"இருங்க. என் பொண்ணுக்குப் பசிக்குது. பால் குடுத்துட்டு வரேன்."

மிஸ்காம் அங்கேயே தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். கஸ்ரீப் மத்தளத்தை நிறுத்தினான். தட்டிக்கு அந்தப் பக்கம் அவள் பிள்ளையோடு என்னவோ பேசிக்கொண்டே இருந்தாள். நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம்.